முன்னால் புதுசு, பின்னால் மொட்டை

அத்தியாயம் 9

பட்டாபிராமனுக்கு வழக்கமாகக் காபிக்குப் பிறகுதான் கோபம் வரும். அந்தச் சனிக்கிழமை காபிக்கு முன்பே வந்துவிட்டது.

காரணம் போர்ட்டிகோவில் நின்றுகொண்டிருந்தது. சிவப்பு நிறம். இரண்டு கதவு. இரண்டு சீட். தரைக்கும் அதற்கும் அரைச் சாண் இடைவெளி. ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தத் தெருவின் வேகத்தடை ஒவ்வொன்றையும் வயிற்றால் தடவிக்கொண்டுதான் அது வீடு வந்து சேர வேண்டும்.

போன வாரம் வரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மகள் ஸ்ம்ருதி, கல்யாணத்துக்கு என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த சேமிப்பில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டாள். "நாலு பேர் இருக்கற குடும்பத்துல ரெண்டு சீட்டுன்னா, யாருடி அந்த ரெண்டு பேர்?" என்று அம்மா ரமா கேட்டாள். கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பணம் ஸ்ம்ருதியுடையது. வண்டி பட்டாபிராமன் பெயரில் இருக்கிறது. மகளின் ஜாதகத்தில் இந்த வருஷம் வாகனம் சரியில்லை என்று ரமா சொன்னதால் வந்த ஏற்பாடு. ஆபீஸில் ஒரு முழு டீமை மேய்க்கிற பெண் இதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்கக் கூடாது. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதைவிடப் பெரிய தவறுகளைச் செய்திருக்கிறார்கள்.

பெயர் தன்னுடையது என்றானதும் பட்டாபிராமன் சட்டம் போட்டார். "ஒரு கீறல். ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் அன்னிக்கே வித்துடுவேன்."

கூடுவாஞ்சேரியில் இருக்கும் அண்ணன் ஷ்யாம்சுந்தர், கீறல் விழுவதற்கு முன்பே வாங்க ஒரு ஆளைப் பார்த்து வைத்துவிட்டான். தங்கை மேல் அவ்வளவு அக்கறை.

நாளை ஞாயிறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்கில், சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பார்க்கிற நாள். ஸ்ம்ருதி பெயர் கொடுத்திருந்தாள். வண்டியின் நாலு டயரும் மொட்டை. இன்று மாற்றியாக வேண்டும்.

"நானும் வரேன்," என்றார் பட்டாபிராமன்.

"எதுக்குப்பா?"

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

ராகு காலம் முடிந்ததும் கிளம்பினார்கள்.

கேம்ப் ரோடு பக்கத்தில் அசரியாவின் டயர் கடை. அசரியா தடித்த உடம்புக்காரர், தன் கடைக்குள் நுழையும் எந்த வண்டியையும் முதலில் அனுதாபத்தோடு பார்ப்பார். அப்புறம்தான் ஓனரைப் பார்ப்பார்.

"வண்டி சூப்பரா கீது மேடம். டயருதான் பாவமா கீது," என்றார். உள்ளே போய் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாகச் சாய்த்து வைத்தார்.

முதலாவது கெட்டியானது. நீண்ட நாள் உழைக்கும். இரண்டாவது ரேஸுக்கென்றே செய்தது. விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போல அத்தனை மெத்தென்று, கோடுகளே அதிகம் இல்லாமல் இருந்தது. மூன்றாவதில் ஆழமான வாய்க்கால்கள்.

பட்டாபிராமன் முதலாவதைத் தட்டிப் பார்த்தார். "இது எவ்வளவு ஓடும்?"

"அம்பதாயிரம் கிலோமீட்டர் கண்ணை மூடிக்கினு ஓடும் சார்."

"அது?"

"ரேஸ் டயரா? அது பத்தாயிரம் ஓடினா பெரிசு."

"விலை?"

அசரியா சொன்னார். பட்டாபிராமன் மகளைப் பார்த்தார்.

"கம்மியா ஓடறதுக்கு ஜாஸ்தி விலையா?"

"கெட்டி டயர் ரோட்டைப் பிடிக்காதுப்பா. மெத்துனு இருந்தாதான் பிடிக்கும். பிடிக்கிறது சீக்கிரம் தேயும்."

"அப்போ சீக்கிரம் தேயறதுதான் நல்ல டயரா? இந்த நியாயம் எந்த ஊர்ல இருக்கு?"

பட்டாபிராமன் கையிலிருந்த போனில், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஷ்யாம்சுந்தர் குரல் கொடுத்தான். "அப்பா, கெட்டிய வாங்குங்கோ. விக்கற வண்டிக்கு எதுக்கு இவ்ளோ யோசனை?"

ஸ்ம்ருதி போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தாள். அணைத்த விதத்தில் அசரியா ஒரு அடி பின்னால் போனார்.

"மேடம், நாளைக்கு ரேஸுன்னா ரெண்டாவதுதான். யோசிக்காதீங்க."

"ரேஸ் நாளைக்கு ஒருநாள். கார்த்திகை மாச மழையில தினம் ஆபீஸ் போகணும்." அவள் மூன்றாவது டயரின் வாய்க்காலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இது. தண்ணியைத் தள்ளிட்டு ரோட்டைத் தொடும். நாலும் இதே."

பட்டாபிராமனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ரேஸ் டயரைத்தான் கேட்பாள், அதற்குத் திட்டலாம் என்று வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"சரி, நாலு எடுத்து மாட்டுப்பா," என்றார்.

"நாலும் ஒரே சைஸ் இல்ல சார். இந்த வண்டிக்கு பின்னாடி அகலம் ஜாஸ்தி. முன்னாடி ரெண்டு ஸ்டாக்ல கீது. பின்னாடி ரெண்டு திருமுடிவாக்கம் குடோன்லேர்ந்து வரணும். வேன் கெளம்பிட்ச்சு."

அப்போது ஸ்ம்ருதிக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு. எங்கேயோ ஒரு சர்வர் படுத்துவிட்டது. சனிக்கிழமைகளில்தான் அவை படுக்கும். லேப்டாப் வீட்டில் இருந்தது.

ஆட்டோவில் ஏறுவதற்கு முன் அவள் அசரியாவிடம் நின்று நிதானமாகச் சொன்னாள். "நாலும் வந்தப்புறம் ஒண்ணா மாட்டுங்க. முன்னாடி மட்டும் மாட்டி வண்டியை வெளில அனுப்பாதீங்க. பின் சக்கரம்தான் இந்த வண்டியத் தள்றது. அது மொட்டையா இருந்தா மழையில சுத்திடும். புரியறதா?"

"நமக்குத் தெரியாதா மேடம்."

"அப்பா, உனக்கு?"

"நான் என்ன டயரா மாட்டப் போறேன்? போ."

அவள் போன ஆட்டோ வளைவில் மறைந்ததும் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. ரமா இறங்கினாள். கையில் நாலு எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ.

"ஏன்னா, மாட்டியாச்சா?"

"வேன் வரல. பல்லாவரத்துல தண்ணியாம், நிக்கறதாம்."

ரமா கடைச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். அசரியா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ராகு காலம், எமகண்டம் போட்ட காலண்டர் இல்லாமல் தாம்பரத்தில் டயர் விற்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"பதினொண்ணரையோட நல்ல நேரம் முடியறது," என்றாள் ரமா. "ஒரு சம்பிரதாயத்துக்கு இருக்கற ரெண்டை மாட்டச் சொல்லுங்கோ. ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். மீதி எப்போ மாட்டினா என்ன?"

"அம்மா, மேடம் ஒண்ணா மாட்டச் சொன்னாங்க," என்றார் அசரியா.

"மேடத்தைப் பெத்தது நான்."

நம் ஊரில் கிரகப்பிரவேசத்தன்று பால் மட்டும் காய்ச்சிவிட்டு, பெயிண்ட் அடிக்காத வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறோம். அதில் ஒரு கெடுதலும் இல்லை. வீடு வளைவில் திரும்புவதில்லை.

முன்னால் இரண்டு புது டயர் ஏறியது. மஞ்சள், குங்குமம், பூ. அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் நசுங்கியது.

வேன் வரவில்லை. மணி ஒன்று ஆனது. மழை பிடித்தது.

"ஒண்ணரைக்கு எமகண்டம். அதுக்குள்ள வண்டிய ஆத்துக்குக் கொண்டு போயிடலாம்னா. மீதிக்குச் சாயங்காலம் வரலாம்."

பட்டாபிராமன் சாவியைக் கையில் எடுத்தார். அசரியா மறுபடி வாயைத் திறந்தார். ரமா பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதமாகக் கரித்துக் கொட்டிய அந்த வண்டியின் ஸ்டீயரிங்கை முதல் தடவையாகப் பிடித்தபோது, பட்டாபிராமனுக்கு இரத்த அழுத்தம் குறைந்தது. செலையூர் தாண்டும்போது அவர் ஏதோ முணுமுணுத்தார். ரமா திரும்பிப் பார்த்தாள். பாட்டு.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. திரும்பிவிடலாம் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். அவருடைய பழைய வண்டியில் அப்படி அழுத்தினால் அது யோசித்து ஒரு முடிவுக்கு வரும். இது யோசிக்கவில்லை.

முன் சக்கரங்கள் ரோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்ன பக்கம் திரும்பின. பின் சக்கரங்கள் வேறு வேலையாகப் போயின. உலகம் ஒன்றரைச் சுற்று சுற்றியது. கார் மீடியனில் இடித்து நின்றபோது, அவர் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே ஒரு மொபெட் சறுக்கி நின்றது. பின்னால் கட்டியிருந்த அலுமினிய அன்னக்கூடை கவிழ்ந்து, காரப்பொடி மீன் சிக்னல் முழுவதும் வெள்ளிக் காசு மாதிரி சிதறியது. நாலைந்து காரின் பானெட்டுக்கு வந்தன. ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ரமாவை உற்றுப் பார்த்தது.

மீன்காரப் பெண் காலை ஊன்றி இறங்கினாள். அடி எதுவும் படவில்லை. குரலுக்கும் சேதமில்லை.

"யோவ் பெர்சு. வண்டி ஓட்றியா, ராட்டினம் சுத்துறியா?"

"மழைம்மா. வழுக்கிடுத்து."

"மழை எனக்கு மட்டும் வெயிலா அடிக்குது? நான் இன்னா சுத்திக்கினா வந்தேன்? கோவளத்துலேர்ந்து விடிகாலைல கெளம்பி வந்துகினு கீறேன், இங்க ரோட்ல கொட்றதுக்கா?"

"சாரிம்மா."

"சாரிய நீயே வெச்சுக்கோ. எறங்கி மீனைப் பொறுக்கு."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. "பொறுக்கு சார், பச்சையம்மாக்கா விடாது," என்றார் ஆட்டோக்காரர் ஒருவர், அனுபவப்பட்டவர் போல. பட்டாபிராமன் இறங்கினார். சுத்த சைவமாக ரிட்டயர் ஆனவர், வேளச்சேரி மெயின் ரோட்டில் மழையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகக் கூடையில் போட்டார்.

"வாலைப் புடிச்சு எடுய்யா. பூ பறிக்கிறான் பாரு."

ரமா சீட்டை விட்டு அசையவில்லை. ஏதோ ஒரு ஸ்லோகத்தின் பாதியில் இருந்தாள். மீதி நினைவுக்கு வரவில்லை.

வண்டி நடக்கிற வேகத்தில் வீடு வந்து சேர்ந்தது. ரமா இறங்கி நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். சத்தம் கேட்டு ஸ்ம்ருதி ஹெட்போனோடு வெளியே வந்தாள். முன் பம்பர் பிளந்திருந்தது. நம்பர் பிளேட்டில் ஒரு மீன்.

அவள் பம்பரைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்தாள். பிறகு முன்னால் வந்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாருக்காவது அடிபட்டுதா?"

"இல்லை," என்றார் பட்டாபிராமன். "உன் வண்டியோட லட்சணம் இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. இது வண்டியே இல்லை. எமன். ஷ்யாமுக்குப் போன் பண்ணிட்டேன், ஆளைக் கூட்டிண்டு வரான். நான் அன்னிக்கே சொன்னேன், ஒரு கீறல்னு."

"கீறலைப் போட்டது யாரு?"

"யார் போட்டா என்ன? கீறல் கீறல்தான்."

"ரெண்டு டயர் மட்டும் மாட்டாதேன்னு சொல்லிட்டுப் போனேன். பச்சைக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். உன் காதுல என்ன வெச்சிருக்கே?"

"மரியாதையாப் பேசு."

"முடியாது. எனக்கு ஒரு மாசமா மரியாதை தீர்ந்துபோச்சு. என் பணத்துல வாங்கின வண்டிய உன் பேர்ல எழுதினேன், வாய மூடிண்டு. நீ போட்ட சட்டத்துக்குத் தலையாட்டினேன். ஒரு கீறல் போடாம ஓட்டினேன். கடைசில நீயே உடைச்சுட்டு, நீயே தீர்ப்பும் சொல்றியா? நல்லா இருக்கே உங்க கோர்ட்டு."

பட்டாபிராமன் பதில் சொல்ல வாயெடுத்தார். கண் ஒரு கணம் சமையலறைப் பக்கம் போனது. வாயை மூடிக்கொண்டார். முகம் மட்டும் சிவந்தது.

சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. மத்தியானச் சமையல் காலையிலேயே முடிந்துவிட்டிருந்தது.

"சொல்லுப்பா. எதுக்கு ரெண்டு மட்டும் மாட்டினே?"

"மாட்டினேன். அவ்வளவுதான்."

ஸ்ம்ருதி அசரியாவுக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை அவளே ஸ்பீக்கரை வைத்தாள்.

"மேடம், மேடம், திட்டாதீங்க. நான் சொன்னேன். ஒண்ணா மாட்டணும்னு சொன்னேன். அம்மாதான் நல்ல நேரம் போவுது, சம்பிரதாயத்துக்கு ரெண்டு மாட்டுன்னாங்க. எமகண்டத்துக்கு முன்னாடி எடுக்கணும்னதும் அம்மாதான். சார் ஒண்ணுமே பேசல மேடம். சாமி சத்தியமா."

மிக்ஸி நின்றது.

"பின் டயரு இப்பத்தான் வந்துச்சு. வண்டிய எடுத்துகினு வாங்க, பத்து நிமிசத்துல மாட்டிர்றேன்," என்றார் அசரியா. வண்டி இடித்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ரமா வெளியே வந்தாள். ஜாரில் ஒன்றும் இல்லை. வெறும் மிக்ஸியைத்தான் ஓட்டியிருந்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன். அதுக்கு என்ன இப்போ?"

"என்னவா? அம்மா, ரெண்டு பேரும் செத்துருப்பேள்."

"நீ நாளைக்கு ரேஸுக்குப் போறே. போகாதேன்னா கேக்கமாட்டே. உயிரோட திரும்பி வரணும்னு நினைச்சேன். எனக்கு டயர் தெரியாது, வாய்க்கால் தெரியாது. தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதைப் பண்ணினேன்."

"உயிரோட திரும்பி வரணும்னுதாம்மா நானும் பின் டயர் கேட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மூக்கு, தாடை, முறைப்பு எல்லாம் அப்படியே ஒன்று. பட்டாபிராமன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடையில் நிற்பது ஆபத்து என்று ஒதுங்கினார்.

"ஷ்யாமை வரவேண்டாம்னு சொல்லு," என்றாள் ஸ்ம்ருதி அப்பாவிடம்.

"வரச் சொல்லியாச்சு, வரான். சொன்னா சொன்னதுதான்."

"யார் சொன்னா?"

"நான் சொன்னேன்."

"சரி," என்றாள் ஸ்ம்ருதி.

அந்தச் 'சரி' பட்டாபிராமனுக்குப் பிடிக்கவில்லை. ரமாவும் கோபத்தின் உச்சத்தில் இப்படித்தான் சொல்வாள்.

ஸ்ம்ருதி டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தாள். பக்கத்து மனையில் வீடு கட்டக் குவித்திருந்த கான்கிரீட் கற்களில் சிலவற்றைக் கேட்காமல் எடுத்து வந்தாள். நட்டுகள் இறுகியிருந்தன. ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்தாள். ஒவ்வொரு நட்டும் கிறீச்சிட்டு இளகியது. மிதிக்கும்போது அவள் யாரை நினைத்துக்கொண்டாள் என்று பட்டாபிராமன் கேட்கவில்லை.

"என்னடி பண்றே?"

"வண்டிய எடுத்துண்டு கடைக்குப் போனா மறுபடி சுத்தும். சக்கரத்தை எடுத்துண்டு போனா சுத்தாது."

பின்பக்கத்தை ஜாக்கியால் ஏற்றிக் கற்களின் மேல் நிறுத்தியதும் இரண்டு பின் சக்கரங்களும் கழன்றன. கார் முன்னால் புது டயரும் பூவுமாக, பின்னால் கல்லுமாக உட்கார்ந்தது. ஆட்டோ வந்தது. ஸ்ம்ருதி ஒரு சக்கரத்தைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

இன்னொரு சக்கரம் தானாக வந்துகொண்டிருந்தது. பின்னால் ரமா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு.

"நீ எதுக்கு?"

ரமாவுக்குப் பேசுகிற கட்டம் இன்னும் வரவில்லை. சக்கரத்தை ஏற்றினாள், அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், புடவையில் பட்ட கரியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கெளம்பச் சொல்லு," என்றாள், மகளைப் பார்க்காமல், டிரைவரின் முதுகிடம்.

"மா, எமகண்டம் இன்னும் முடியல."

"தெரியும்."

ஆட்டோ போய்க் கொஞ்ச நேரத்தில் ஷ்யாம்சுந்தரின் கார் வந்து நின்றது. அவனோடு இறங்கியவர் வெள்ளைச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, கூலிங் கிளாஸை மழையிலும் கழற்றாமல் இருந்தார்.

"அப்பா, இவர் தோத்தாத்ரி சார்," என்ற ஷ்யாம்சுந்தர் வண்டியைப் பார்த்து நின்றான். "பின் சக்கரம் எங்கப்பா?"

"கடைக்குப் போயிருக்கு."

"யாரோட?"

"உங்கம்மாவோட."



தோத்தாத்ரி வண்டியைச் சுற்றி வந்தார். பிளந்த பம்பரைத் தடவி நாக்கைச் சப்புக் கொட்டினார். கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் வந்து நின்று, ஷூ காலைத் தூக்கிப் புது டயரின் மேல் வைத்துக்கொண்டார்.

"லேடீஸ் ஓட்டின வண்டிதானே. க்ளட்ச் போயிருக்கும். இடிச்சுவேற வெச்சிருக்காங்க. பொண்ணுங்க கையில இந்த மாதிரி வண்டியக் குடுத்தா வேற என்ன ஆகும்? இந்த டயர்கூடப் பாருங்க, யாரோ தலையில கட்டியிருக்கான், நல்லாத் தேய்ஞ்சு போற ரகம். நிறையக் குறைச்சுக்கணும் சார்."

பட்டாபிராமன் மத்தியானத்திலிருந்து விழுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. மீன்காரி, அசரியா, மனைவி, மகள், எல்லோருடைய பேச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக.

"அது தேயற டயர்தான்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "தேயறதுதான் ரோட்டைப் பிடிக்கும். பொண்ணு ஓட்டி இடிக்கல. நான் ஓட்டி இடிச்சேன். அவ நாலு டயரையும் பார்த்துப் பார்த்து எடுத்தா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்தோம். முதல்ல அந்தக் காலை எடுங்கோ."

"வாங்கப் போற வண்டிதானே சார்."

"இன்னும் வாங்கல."

ஷ்யாம்சுந்தர் அவசரமாக அப்பாவின் காதருகே வந்தான்.

"அப்பா, மெதுவா. அவர் என் மேனேஜர். கண்டிப்பா முடிச்சுத் தரேன்னு சொல்லிக் கூட்டிண்டு வந்திருக்கேன். அடுத்த வாரம் எனக்கு அப்ரைசல்."

பட்டாபிராமன் மகனைப் பார்த்தார். பிறகு மேனேஜரின் காலைப் பார்த்தார். அது டயரின் மேல், பூச்சரத்தை மிதித்தபடி, அப்படியே இருந்தது.

"மேனேஜரா?" என்றார். "அப்போ ரெண்டு காலையும் எடுக்கச் சொல்லு. கேட்டுக்கு வெளில வைக்கச் சொல்லு."